பிடிக்க மறுப்பதும் விட மறுப்பதும்: குரூஸ் கன்ட்ரோல் பழுதைக் கண்டறிவது பற்றிய விவாதங்கள்

குரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யவில்லை என்று பட்டறைக்கு வரும் காரில் பழுது எங்கே இருக்கிறது? அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்டுவரும் விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. உதிரிபாகத்தில் என்றது ஒரு தலைமுறை. ஒயரிங்கில் என்றது அடுத்தது. ஓட்டுநரின் காலில் என்றது ஓர் அரசு ஆய்வு. மென்பொருளில் என்ற வாதத்தை ஓர் அமெரிக்க ஜூரி ஏற்றது. ஒவ்வொரு விடையும் தான் பிறந்த காலத்துக் கார்களுக்கு ஓரளவு பொருந்தியதுதான். கார்கள் மாறிய பிறகும் பழைய விடை அப்படியே நின்றபோது சிக்கல் தொடங்கியது.

இந்த விவாதங்களைப் படிக்கும்போது ஒரு குழப்பம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. இரண்டு வேறு புகார்கள் ஒரே பெயரில் அடைபட்டிருக்கின்றன. பொத்தானை அழுத்தியும் வேகம் பிடிபடவில்லை, அல்லது பிடித்ததும் விட்டுவிடுகிறது என்பது ஒன்று. பிடித்த வேகத்தை விட மறுக்கிறது என்பது மற்றொன்று. முதலாவது தொல்லை, இரண்டாவது ஆபத்து. முதலாவதைக் கண்டுபிடிக்கும் வழிகள் நன்றாக வளர்ந்திருக்கின்றன. இரண்டாவதில் பட்டறையின் கருவிகள் இன்னும் பலவீனமாகவே இருக்கின்றன. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்தே கீழே உள்ள நிலைப்பாடுகளை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

கைக்கு எட்டிய பழுது

இன்றைய குரூஸ் கன்ட்ரோலின் முன்னோடியாகக் கருதப்படுவது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த பொறியாளர் ரால்ஃப் டீட்டரின் கருவி. ஐந்து வயதிலேயே பார்வையை இழந்தவர் அவர். தாம் பயணித்த காரின் வேகம் ஏறி இறங்குவதை உடலால் உணர்ந்ததுதான் இந்தக் கண்டுபிடிப்புக்குத் தூண்டுதல் என்று சொல்லப்படுவதுண்டு. காப்புரிமை 1950இல் கிடைத்தது. 1958 மாடல் கிரைஸ்லர் இம்பீரியல் கார்களில் 'ஆட்டோ பைலட்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. சுழலும் எடைகளைக் கொண்டு வேகத்தை உணர்ந்து, குறித்த வேகம் வந்ததும் ஆக்சிலரேட்டர் பெடலை எதிர்த்துத் தள்ளுவது அதன் அடிப்படை. நீராவி எஞ்சின்களில் ஜேம்ஸ் வாட் பயன்படுத்திய வேகச்சீராக்கியின் வழித்தோன்றல்தான் அது. அத்தகைய சீராக்கிகள் ஏன் சில வேளைகளில் நிலைகொள்ளாமல் ஏறி இறங்குகின்றன என்பதை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868லேயே கணித முறையில் ஆராய்ந்திருந்தார்.

பின்னர் வந்த பல தலைமுறைக் கார்களில் எஞ்சினின் வேக்குவமே த்ராட்டிலை இழுத்தது. ஒரு ரப்பர் டயாஃப்ரம், சில குழாய்கள், ஒரு கேபிள், வேக்குவத்தைச் சேமிக்கும் ஒரு சிறு தொட்டி, அவ்வளவுதான் அமைப்பு. பழுதும் கண்ணுக்குத் தெரிந்தது. குழாய் வெடித்திருக்கும், டயாஃப்ரம் கிழிந்திருக்கும், கேபிள் தளர்ந்திருக்கும். கைப்பம்பால் வேக்குவம் ஏற்றிச் சில நிமிடம் நிற்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இந்த அணுகுமுறையின் வலிமை அதன் நேர்மையில் இருக்கிறது. அறிகுறியும் காரணமும் பெரும்பாலும் அருகருகே இருந்தன. சமதளத்தில் ஒழுங்காக ஓடி நீண்ட மேட்டில் மட்டும் வேகம் இழந்தால் வேக்குவம் போதவில்லை என்று பொருள். த்ராட்டில் அதிகம் திறக்கும்போது வேக்குவம் குறைவது எஞ்சினின் இயல்பு, சேமிப்புத் தொட்டியோ அதன் ஒருவழி வால்வோ கசிந்தால் குறை அங்கேதான் முதலில் வெளிப்படும். வேகம் ஊசலாடினால் கேபிள் தளர்வையோ, ஸ்பீடோமீட்டர் கேபிள் காய்ந்து சிக்கிச் சுழல்வதையோ சந்தேகிக்கலாம். ஸ்பீடோமீட்டர் முள்ளும் கூடவே நடுங்கினால் சந்தேகம் உறுதிப்படும்.

இதன் பலவீனம் பின்னர்தான் தெரிந்தது. கண்ணால் கண்டதையே பழுது என்று நம்பப் பழகிய கை, கண்ணுக்குத் தெரியாததைச் சந்திக்கும்போது பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கத் தொடங்கியது. இன்றும் குரூஸ் கன்ட்ரோல் பழுதுக்காக நல்ல பாகங்கள் கழற்றி எறியப்படுவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுப்பு என்பது சாட்சி

எலக்ட்ரானிக் கட்டுப்பாடு பரவியதும் வேறொரு பார்வை உருவானது. குரூஸ் கன்ட்ரோல் இயங்குவதற்குப் பல நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும். பிரேக் மிதிபடக் கூடாது. கிளட்ச் மிதிபடக் கூடாது. ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் கியர் நியூட்ரலில் இருக்கக் கூடாது. வேகம் குறைந்தபட்ச எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். வேகத்தைச் சொல்லும் சென்சார் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் கணினி அனுமதி தராது. ஆகவே 'வேலை செய்யாத' குரூஸ் கன்ட்ரோல் பல நேரங்களில் தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. அதற்குத் தவறான செய்தி போய்ச் சேர்கிறது. தேட வேண்டியது அந்தச் செய்தி புறப்படும் இடத்தை.

இந்த வரிசையில் முதலில் நிற்பது பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச். பல கார்களில் அதற்குள் இரண்டு தொடர்புகள் உண்டு. பெடலை மிதித்தால் ஒன்று மூடும், மற்றது திறக்கும். ஒன்று பிரேக் விளக்குக்கு, மற்றது கட்டுப்பாட்டுக் கணினிக்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்மாறாக இருக்கிறதா என்று கணினி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். சுவிட்ச் ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும், விளக்கு ஒழுங்காக எரியும், குரூஸ் மட்டும் பிடிக்காது. பின்னால் ஒருவரை நிறுத்தி விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு 'சுவிட்ச் நன்றாக இருக்கிறது' என்று முடிவு செய்வது இதனால்தான் ஏமாற்றும். பார்க்கப்பட்டது இரண்டில் ஒரு பாதி மட்டுமே. இன்னும் விசித்திரமான ஒன்றும் உண்டு. பழைய மாடல்கள் சிலவற்றில், பிரேக் மிதிபடவில்லை என்பதை பிரேக் பல்பின் இழை வழியாகக் கிடைக்கும் எர்த்தைக் கொண்டே குரூஸ் மாட்யூல் அறிந்தது. பல்புகள் எரிந்துபோனாலோ, அவற்றுக்குப் பதில் எல்.இ.டி. பல்புகள் மாட்டப்பட்டாலோ குரூஸ் நின்றுவிடும். அழகுக்காகப் பின்விளக்கை மாற்றியவர் ஸ்டீயரிங் பொத்தானைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஸ்டீயரிங் பக்கம் வந்தால் கவனிக்க வேண்டியது கிளாக் ஸ்பிரிங். சுழலும் சக்கரத்துக்கும் அசையாத தண்டுக்கும் நடுவே மின் இணைப்பைத் தரும் சுருள் நாடா அது. அது அறுந்தால் குரூஸ் பொத்தான்களோடு ஹார்னும் பேசாமல் போகலாம், ஏர்பேக் விளக்கும் எரியலாம். மூன்றும் சேர்ந்து வந்தால் வேறெங்கும் தேடத் தேவையில்லை. பொத்தான்கள் மட்டும் தாறுமாறாக நடந்துகொண்டால் கதை வேறு. பல கார்களில் எல்லாப் பொத்தான்களும் ஒரே ஒயரைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை அதன் மின்தடை அளவைக் கொண்டே கணினி அடையாளம் காண்கிறது. தொடர்புகளில் களிம்பு ஏறினால் அளவு மாறி, ஒரு பொத்தானை மற்றொன்றாகவோ எதுவுமில்லாததாகவோ கணினி படிக்கும். மல்டிமீட்டரால் ஒவ்வொரு பொத்தானையும் அளந்து கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவதே வழி. ஏர்பேக்கைத் தொடும் எந்த வேலைக்கும் முன் பேட்டரியைக் கழற்றித் தயாரிப்பாளர் சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். புதிய கிளாக் ஸ்பிரிங்கை நடுநிலையில் வைத்தே பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும் முதல் திருப்பத்திலேயே நாடா அறுந்துபோகலாம்.

சக்கரங்களின் வேகத்தைச் சொல்லும் ஏ.பி.எஸ். சென்சார்களும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவை. துருவேறி விரிந்த பல்வளையமோ, காந்த வளையம் பின்பக்கமாகத் திரும்பிப் பொருத்தப்பட்ட பேரிங்கோ வேகத் தகவலைக் கெடுத்துவிடும். பேரிங் மாற்றிய மறுநாள் குரூஸ் நின்றுபோனால் அது தற்செயலாக இருப்பது அரிது.

மறுப்பைச் சாட்சியாகப் படிக்கும் இந்தப் பார்வையே முதல் வகைப் புகாருக்கு மிகவும் பயனுள்ளது என்று தோன்றுகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. அனுமதி மறுக்கப்படும் காரணம் குரூஸோடு சற்றும் தொடர்பில்லாததாக இருக்கலாம். 2000க்குப் பிந்தைய சுபாரு கார்கள் பலவற்றில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலே குரூஸும் நிறுத்தப்படும். பெட்ரோல் மூடியை இறுக்கி மூடாததால் பதிவாகும் ஆவிக்கசிவுக் குறியெண்கூட அதற்குப் போதும். பிரேக் சுவிட்சை நாள் முழுக்கச் சோதித்தாலும் அங்கே விடை கிடைக்காது.

குறியெண் சொல்வதும் சொல்லாததும்

1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும், பழுதைக் காரே கண்டறிந்து குறியெண்ணாகப் பதியும் ஓ.பி.டி. அமைப்பின் இரண்டாம் தலைமுறை கட்டாயமானது. மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. ஸ்கேனரைச் செருகினால் கார் தன் நோயைத் தானே சொல்லிவிடும் என்ற எதிர்பார்ப்பு அப்போதுதான் வேரூன்றியது. பி0500 என்றால் வேக சென்சார், பி0571 என்றால் பிரேக் சுவிட்ச் சுற்று, பி0504 என்றால் பிரேக் சுவிட்சின் இரு தொடர்புகளும் ஒத்துப்போகவில்லை என்பது.

குறியெண் பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை, சுற்றின் பெயரைத்தான் சொல்கிறது. பி0571 வந்ததும் சுவிட்சை மாற்றுவது எளிது. ஆனால் அதே குறியெண்ணுக்கு ஃபியூஸோ, துருப்பிடித்த இணைப்பானோ, எங்கோ உரசித் தேய்ந்த ஒயரோ காரணமாகலாம். அதைவிடப் பெரிய குறை, குறியெண் எதுவும் இல்லாமலேயே குரூஸ் மறுக்க முடியும் என்பது. பிரேக் மிதிபட்டிருப்பதாகச் சுவிட்ச் தொடர்ந்து சொன்னால் பல கணினிகளுக்கு அது பழுதாகவே தெரியாது. ஓட்டுநர் மிதித்திருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளும்.

இதனால்தான் அனுபவமிக்க மெக்கானிக்குகள் குறியெண்ணைவிட நேரலைத் தரவுகளை நம்புகிறார்கள். ஸ்கேனர் திரையில் பிரேக், கிளட்ச், குரூஸ் பொத்தான்கள் ஆகியவற்றின் நிலை ஒவ்வொன்றாகத் தெரியும். பெடலை மிதித்து, விட்டு, பொத்தானை அழுத்தி, எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று பார்த்தால் சில நிமிடங்களில் தேடல் குறுகிவிடும். சில தயாரிப்பாளர்கள் கடைசியாக குரூஸ் ஏன் விலகியது என்ற காரணத்தையும் சேமித்து வைக்கிறார்கள். எல்லோரும் அதைச் செய்வதில்லை என்பது வருத்தத்துக்குரியது. செய்யத் தடையாக இருக்கும் தொழில்நுட்பக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

விட மறுத்ததாகச் சொல்லப்பட்ட கார்கள்

இரண்டாம் வகைப் புகாரின் வரலாறு பட்டறையில் நடந்ததைவிட அதிகமாக விசாரணை அறைகளில் நடந்தது. 1986இல் ஆடி 5000 கார்கள் தாமாகவே பாய்வதாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் செய்தி வந்தது. குரூஸ் கன்ட்ரோலும் சந்தேகப் பட்டியலில் இருந்தது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக நடந்து 1989இல் வெளிவந்த ஆய்வு, பெரும்பாலான சம்பவங்களில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததே காரணமாக இருக்கலாம் என்று முடிவு கூறியது. குரூஸ் அமைப்பு தானாக த்ராட்டிலை முழுக்கத் திறக்கவேண்டுமென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட பழுதுகள் ஒரே நேரத்தில் நேர வேண்டும் என்பது அதன் வாதத்தின் ஒரு பகுதி. அதே ஆய்வு, ஆடி கார்களின் ஐடில் வேகத்தைச் சீராக்கும் பாகத்தில் இருந்த கோளாறு சிறு பாய்ச்சலை உண்டாக்கி ஓட்டுநரைத் திடுக்கிட வைத்திருக்கலாம் என்றும் சொன்னது. இந்தப் பகுதி பின்னர் பெரும்பாலும் மறக்கப்பட்டது. மனிதத் தவறும் இயந்திரக் குறையும் ஒன்றையொன்று தூண்ட முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

இந்த நிலைப்பாட்டுக்கு எதிராக வைக்கப்படும் கேள்வி எளிமையானது, கனமானது. விட்டுவிட்டு வரும் மின்பழுது தடயம் விடாமல் மறைந்துவிடும் என்றால், தடயம் இல்லை என்பதைப் பழுது இல்லை என்பதற்கு ஆதாரமாகக் கொள்ளலாமா? டொயோட்டா கார்கள் தாமாகவே வேகமெடுப்பதாக எழுந்த விவகாரத்தில் இந்தக் கேள்வி கூர்மையடைந்தது. 2011இல் வெளிவந்த நாசா பொறியாளர்களின் ஆய்வு, பெரிய அளவில் த்ராட்டிலைத் திறக்கக்கூடிய எலக்ட்ரானிக் குறை எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஒரு பெடல் சென்சாருக்குள் வெள்ளீயத்திலிருந்து முளைத்த நுண்ணிய இழைகள் ஷார்ட் உண்டாக்கியிருந்ததைக் கண்டது. நிரூபணம் கிடைக்காததால் அப்படி நடக்கவே முடியாது என்று ஆகிவிடாது என்றும் ஒப்புக்கொண்டது. 2013இல் ஓக்லஹோமா ஜூரி ஒன்று, மென்பொருள் நிபுணர் ஒருவரின் சாட்சியத்தைக் கேட்டபின் டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தில் தேவைப்படும் நிரூபணமும் ஆய்வகத்தில் தேவைப்படும் நிரூபணமும் வேறு. இரண்டில் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கிவிட்டதாகச் சொல்ல முடியாது.

சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு நிகழ்வு 2018இல் வந்தது. ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 48 இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. குரூஸ் கன்ட்ரோல் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் ஒரு குறிப்பிட்ட மின்சுற்றில் ஷார்ட் நேர்ந்தால், பொத்தானால் அதை ரத்து செய்ய முடியாமல் போகலாம் என்பது குறை. பிரேக்கை அழுத்தி நிறுத்திவிடலாம், நியூட்ரலுக்கும் மாற்றலாம். தீர்வாக வந்தது மென்பொருள் மாற்றம். எண்ணிக்கையை விட முக்கியமானது அதன் இயல்பு. அரிதாகவே நேரும் இரண்டு நிகழ்வுகள் ஒன்றுசேர்வதால் வரும் பழுது எந்தப் பட்டறையின் சோதனையிலும் தென்படாது. கார் ஒழுங்காகத்தான் ஓடும். வடிவமைப்பிலேயே தேடியவர்களால்தான் அதைக் காண முடியும்.

காவலே தீயாவது

பழுதுபார்ப்பைப் பற்றிய எந்த விவாதமும் ஃபோர்டு நிறுவனத்தின் சுவிட்சைத் தாண்டிப் போக முடியாது. பிரேக் விளக்குச் சுவிட்ச் தவறினாலும் குரூஸ் விலக வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில், பிரேக் திரவக் குழாயிலேயே இரண்டாவது சுவிட்ச் ஒன்றை ஃபோர்டு பொருத்தியது. அழுத்தமாக மிதித்தால் திரவ அழுத்தமே குரூஸின் மின்சாரத்தை வெட்டும். ஆனால் பல மாடல்களில் சாவியை எடுத்த பிறகும் அந்தச் சுவிட்சுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. உள்ளிருந்த மெல்லிய படலம் ஆண்டுகள் கழித்து விரிசல் விட்டது, பிரேக் திரவம் மின்தொடர்புகளின் பக்கம் கசிந்தது, அரிப்பு ஏற்பட்டது, சூடேறியது. நிறுத்தி வைக்கப்பட்டிருந்த கார்களும் தீப்பிடித்தன. 1999இல் தொடங்கிய திரும்ப அழைப்புகள் 2009வரை அலையலையாக நீண்டு, ஏறத்தாழ 1.4 கோடி வாகனங்களைத் தொட்டன. மாற்றுப் பாகம் வந்து சேரும்வரை குரூஸ் இணைப்பையே கழற்றிவிடுவதும், பின்னர் ஃபியூஸ் வைத்த இடைஒயர் ஒன்றைச் சேர்ப்பதும் தீர்வுகளாக இருந்தன.

இதிலிருந்து இரண்டு எதிரெதிர் பாடங்கள் எடுக்கப்படுகின்றன. கூடுதல் பாதுகாப்பு கூடுதல் பழுதுகளையும் கொண்டுவரும், ஆகவே எளிமையே மேல் என்பார் சிலர். குறை இரட்டைப் பாதுகாப்பில் இல்லை, அதற்கு இடையறாத மின்சாரம் தந்ததில்தான் என்பார் மற்றவர். இரண்டாவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் நடைமுறை சார்ந்தது. முதல் பாடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் பிரேக் அல்லது கிளட்ச் சுவிட்சின் இணைப்பானில் ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே போட்டு குரூஸை 'ஓடவைத்து'விடுவதுண்டு. புகார் தீர்ந்துவிடும். முதல் வகைப் பழுதை இரண்டாம் வகைப் பழுதாக மாற்றும் வேலை அது. கண்டறிவதற்காக ஒரு நிமிடம் குறுக்கிணைப்பது வேறு, அப்படியே வண்டியை அனுப்பிவைப்பது வேறு. பின்னது பழுதுபார்ப்பே அல்ல.

ரேடார் வந்த பிறகு

முன்னால் செல்லும் வாகனத்துக்கேற்ப வேகத்தைக் குறைக்கும் அமைப்புகள் கேள்வியையே மாற்றிவிட்டன. 1995இல் மிட்சுபிஷி டயமாண்டே லேசரைக் கொண்டு இடைவெளியை அளந்தது. த்ராட்டிலையும் கியரையும் மட்டுமே அதனால் தொட முடிந்தது, பிரேக்கை அல்ல. 1999இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் ரேடாரைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2021இல் வந்த மகிந்திரா எக்ஸ்யூவி700 போன்ற கார்கள் இதைப் பரவலாக்கின.

இங்கே பாகங்கள் எல்லாம் நன்றாக இருந்தும் அமைப்பு தவறாக நடக்க முடியும். ரேடார் ஒரு பாகை பக்கவாட்டில் திரும்பினால் 100 மீட்டர் தூரத்தில் அதன் பார்வை சுமார் 1.75 மீட்டர் விலகும். நம் நெடுஞ்சாலைத் தடம் ஒன்றின் அகலம் 3.5 மீட்டர். பாதித் தடம் பிசகினால் பக்கத்துத் தடத்து லாரிக்கு நம் கார் பிரேக் போடும், நமக்கு முன்னால் போகும் காரைத் தாமதமாகக் காணும். பம்பரில் சிறு அடி, அதை மறைக்கப் பூசிய தடித்த பட்டி, வேறு கம்பெனியின் சின்னப் பலகை, சரிபார்க்காத வீல் அலைன்மென்ட், புதிதாக மாற்றிய முன்கண்ணாடி ஆகிய ஒவ்வொன்றும் அளவுத்திருத்தத்தைக் கெடுக்கலாம். இதனால் குரூஸ் பழுதை ஏற்படுத்துபவர் பல நேரங்களில் டிங்கர், பெயின்ட் வேலை செய்பவராக இருக்கிறார், அவருக்கே அது தெரியாமல். ரேடார் மாட்யூலை மாற்றுவதற்கு முன் அந்தக் காருக்குக் கடந்த சில மாதங்களில் என்னென்ன வேலை நடந்தது என்று கேட்பது எந்தக் கருவியையும்விட மலிவான சோதனை.

இந்த நிலையில் 'பழுது' என்பதற்கும் 'எல்லை' என்பதற்கும் உள்ள கோடும் மங்கிவிட்டது. ஆரம்பகால ரேடார் அமைப்புகள் பலவும் நின்றுகொண்டிருக்கும் வாகனங்களை வேண்டுமென்றே பொருட்படுத்தாமல் விட்டன. பாலங்களையும் பெயர்ப்பலகைகளையும் கண்டு வீணாக பிரேக் போடாமலிருக்க அது தேவைப்பட்டது. அதை உரிமையாளர் பழுது என்று சொன்னால் அவரைக் குறைகூற முடியாது. கையேட்டைக் காட்டி மறுக்கும் சர்வீஸ் மையமும் பொய் சொல்லவில்லை.

தீராமல் நிற்பவை

பிடிக்க மறுக்கும் குரூஸைப் பொறுத்தவரை ஓரளவு இணக்கம் உருவாகியிருக்கிறது. நேரலைத் தரவைப் படி, அனுமதியை மறுக்கும் சுற்றைக் கண்டுபிடி, அதை அளந்து பார், பிறகே பாகத்தை வாங்கு. இதற்கு எதிராகத் தீவிரமான வாதம் எதுவும் இன்று இல்லை. நடைமுறையில் தடையாக இருப்பது அணுகல். 2018 மாடல்கள் தொடங்கி ஃபியட் கிரைஸ்லர் கார்களில் வந்த பாதுகாப்பு நுழைவாயில், அங்கீகாரம் பெறாத ஸ்கேனர்களைப் படிப்பதோடு நிறுத்தியது. குறியெண்ணை அழிக்கவோ சோதனைகளை இயக்கவோ அனுமதி தேவை. இணையவழி ஊடுருவலைத் தடுக்க இது அவசியம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. தெருமுனைப் பட்டறையின் பிழைப்பையும் உரிமையாளரின் தெரிவையும் இது சுருக்குகிறது என்பதிலும் நியாயம் உண்டு. இரண்டையும் ஒருங்கே காக்கும் ஏற்பாடு எல்லா நாடுகளிலும் இன்னும் அமையவில்லை.

விட மறுக்கும் குரூஸ் பற்றிய கேள்வியோ ஏறத்தாழ 1989இல் நின்ற இடத்திலேயே இருக்கிறது. ஓட்டுநரின் நினைவும் கணினியின் பதிவும் முரண்படும்போது எதை நம்புவது? விபத்துப் பதிவுக் கருவிகளுக்கான அமெரிக்க விதி, மோதலுக்கு முந்தைய 5 வினாடிகளில் வேகம், த்ராட்டில், பிரேக் நிலை ஆகியவற்றைப் பதியச் சொல்லியது. 2024 டிசம்பரில் அந்த நேரம் 20 வினாடிகளாக நீட்டிக்கப்பட்டது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் குரூஸ் கன்ட்ரோல் இயங்கிக்கொண்டிருந்ததா என்பது பழைய விதியின் கட்டாயப் பட்டியலில் இருக்கவில்லை, சில தயாரிப்பாளர்கள் தாமாகவே பதிகிறார்கள். பிரேக் நிலையாகப் பதிவாவதும் சுவிட்ச் சொன்னதுதான். சுவிட்சே சந்தேகத்துக்குரியதாக இருக்கும் வழக்கில் அந்தப் பதிவு எவ்வளவு தூரம் சாட்சியாகும் என்பது இன்னும் முடிவாகவில்லை. மோதல் நேராமல் ஓட்டுநர் சமாளித்து நிறுத்திவிட்ட நிகழ்வுகள் அந்தக் கருவியில் நிலைத்துப் பதிவாவதும் உறுதியில்லை. பழுதைக் கண்டறிய மிகவும் உதவக்கூடியவை அந்த நிகழ்வுகளே.